என் குவாட் பைக்கின் 1.9 விநாடிகள்

கிரீஸ் விரல்தடம் படிந்த ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் மூன்று எண்கள்: 11.3, 11.5, 11.4. கெட்டியான மண் தரையில் 200 மீட்டர் அளந்து, இரு முனையிலும் கம்பு நட்டு, என் குவாட் பைக்கை, அதாவது மண்தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டியை, நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் ஓட்டி எடுத்த விநாடிகள். நான் ஓட்டினேன், தம்பி ஸ்டாப்வாட்ச் பிடித்தான். அதே தரையில், அதே ஆள் ஓட்டி, கடைசியாக எழுதிய எண் 9.5. நடுவில் இருக்கும் அந்த 1.9 விநாடி எங்கெங்கே ஒளிந்திருந்தது, எதற்குக் காசு தேவைப்பட்டது, எதற்குத் தேவைப்படவே இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். இன்ஜினுக்கு ஏதாவது செய்யலாம் என்று யோசிப்பவர்கள் முதல் பாகத்தை வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்தால் எனக்குச் சந்தோஷம்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா டிஆர்எக்ஸ் 400 ஈஎக்ஸ். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. 1999-ல் வந்த வரிசை இது. எக்ஸ்ஆர் 400 ஆர் என்ற மண்தரை பைக்கின் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது: ஒற்றை சிலிண்டர், நான்கு வால்வு, 397 சிசி, 85 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 70 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கம்ப்ரெஷன் 9.1 (உள்ளே வந்த கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற எண்). ரேடியேட்டர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் குளிர்விக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் பின்னால் வந்த 450 சிசி வண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் கழற்றிப் பூட்ட இவ்வளவு எளிமையான ஸ்போர்ட் குவாட் வேறு எதையும் நான் தொட்டதில்லை. கையில் அதிகம் பணம் இல்லாதவருக்கு இந்த எளிமைதான் பெரிய சொத்து.

நான் முதலில் வாங்கியது சைலன்சர். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், காரணம் புரிகிறது. கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், நான்கு போல்ட்டில் மாட்டிவிடலாம். மாட்டிய அன்றே 200 மீட்டருக்குப் போனோம். சத்தத்தைக் கேட்டால் வண்டி பறப்பதுபோலத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது தம்பி ஸ்டாப்வாட்சை நீட்டினான். "அக்கா, முன்னாடி வந்ததைவிட லேட்." 11.5. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் கிட்டத்தட்ட அதேதான். ஆக்ஸிலரேட்டரை விடும்போது பைப்பில் பட் பட் என்று வெடித்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

நடந்தது இதுதான். புகை எளிதாக வெளியேறினால் உள்ளே வரும் காற்றும் மாறுகிறது. காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளையுள்ள சின்னத் துண்டு, பழைய காற்றோட்டத்துக்கு அளந்து வைத்தது. அது கூடுதல் பெட்ரோல் கொடுக்காது. கலவை மெலிந்துபோகிறது, அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை; பிளக் வெளுத்ததும் அதனால்தான். பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போதும். ஆனால் முழுத் திறப்பில் இன்ஜின் அதிக பவர் கொடுப்பது 12.5-லிருந்து 13 பங்கு காற்று வரை இருக்கும்போதுதான். காற்றால் குளிரும் இன்ஜினில் அந்தக் கூடுதல் பெட்ரோல் உள்ளே இருக்கும் சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது. அது இல்லாமல் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் தலை உருகும்வரை போகலாம். நான் அன்று மூன்று ஓட்டத்தோடு நிறுத்தியது என் நல்ல நேரம்.

சைலன்சரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, வண்டியை முதலில் அது பிறந்த நிலைக்குக் கொண்டுவர முடிவு செய்தேன். இந்த வேலைக்குத்தான் நோட்டில் அதிகப் பக்கங்கள் போயிருக்கின்றன. மிக மலிவான இன்ஜின் அப்கிரேடு இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

முதலில் வால்வு இடைவெளி: காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் கதவான வால்வுக்கும், அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சந்து. இந்த இன்ஜினில் ராக்கர் முனையில் திருகும் லாக் நட்டும்தான். ஷிம் என்ற சின்னத் தகடுகளை மாற்றும் தொல்லை இல்லை. இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். டைமிங் பார்க்கும் துளை வழியாக, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியை நேராக்கி, கம்ப்ரெஷன் அடிப்பின் உச்சியில் நிற்கிறதா என்று ராக்கரை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். நான்கு ராக்கரும் லேசாக ஆடினால் சரியான உச்சி; ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. கம்பெனி அளவு இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.12 மி.மீ. என் வண்டியின் இன்டேக் ஓரளவு சரியாக இருந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் ஒன்றில் இடைவெளி அளக்க என்னிடமிருந்த மிக மெல்லிய ஃபீலர் தகடு 0.04, அதுகூட நுழையவில்லை. அதாவது வால்வு முழுதாக மூடவே இல்லை. கம்ப்ரெஷன் அதன் வழியாகக் கசிகிறது. மூடாத வால்வு தன் சூட்டை சீட்டுக்குள் இறக்க முடியாமல் விளிம்பில் கருகத் தொடங்குகிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஹெட் வேலை வந்திருக்கும். ஒரு ஸ்பேனர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு மணி நேரம். அவ்வளவுதான் செலவு.

கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ட் எளிதாக வர இப்படிப்பட்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் தானியங்கி டீகம்ப்ரெஷன் அமைப்பு உண்டு. ஸ்டார்ட்டர் வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைப்பதால் கேஜ் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இன்ஜினைப் பிரித்துவிட வேண்டாம். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது, எங்கே கேட்கிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனை இதைவிட நம்பகமானது. கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, பைப்பில் சீறினால் எக்ஸாஸ்ட், ஆயில் மூடியில் சீறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். என் வண்டியில் ரிங் பக்கமும் கொஞ்சம் கேட்டது. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் வருகிறேன்.

அப்புறம் ஏர் ஃபில்டர். ஃபோம் ஃபில்டரை முன்பு வைத்திருந்தவர் கழுவியிருந்தார், ஆனால் ஃபில்டர் ஆயில் போடவில்லை. ஃபோமின் துளைகள் மட்டும் நுண்ணிய தூசியை நிறுத்தாது. அந்தப் பிசுபிசுப்புதான் நிறுத்துகிறது. இன்டேக் குழாயின் உள்ளே விரலை விட்டுத் துடைத்தால் மண் மாவு. ரிங் ஏன் கசிந்தது என்று அங்கேயே தெரிந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். துளை பாதி அடைத்திருந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிளும் தளர்ந்து கிடந்தது. கட்டை விரல் லீவரைக் கடைசி வரை அழுத்தினாலும் கார்புரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு முழுதாகத் தூக்கவில்லை. காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே கண்ணால் பார்த்தால்தான் இது தெரியும். பல குவாட்களில், முக்கியமாகச் சின்னவர்கள் ஓட்டிய வண்டிகளில், லீவர் பெட்டியிலேயே ஒரு லிமிட்டர் திருகு இருக்கும். யாராவது அதை உள்ளே திருகிவிட்டு மறந்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கினால் அதையும் பாருங்கள்.

இன்ஜினுக்கு வெளியேயும் பவர் செத்துக்கொண்டிருந்தது. பின் பிரேக் காலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகி, பேட் எப்போதும் டிஸ்க்கை உரசியபடியே இருந்தது. செயின் இழுத்துக் கட்டியதுபோல முறுக்கேறி நின்றது. டயர் காற்று இடது வலது வேறுவேறு. குவாட் டயருக்கு 4 பிஎஸ்ஐ சுற்றித்தான் காற்று. சாதாரண பைக் கேஜில் அந்த அளவைச் சரியாகப் படிக்கவே முடியாது. குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் ஒன்று தனியாக வாங்கினேன். அன்றுவரை நான் வாங்கியதிலேயே உபயோகமான பொருள் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு 200 மீட்டர்: 10.8. இன்ஜினில் ஒரு புதிய பாகம்கூடச் சேர்க்கவில்லை. அதிலேயே 0.6 விநாடி வந்துவிட்டது.

இனி மூச்சு. எந்த இன்ஜினும் காற்றை இழுத்துத் தள்ளும் பம்புதான். எவ்வளவு காற்று இழுக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். கம்பெனி ஏர் பாக்ஸின் மூடி சத்தத்தையும் தண்ணீரையும் மனதில் வைத்துச் செய்தது. அதன் மூக்கு சிறியது. மூடியை எடுத்துவிடுவதோ அதில் துளை வெட்டுவதோ மிகப் பழைய, மிக மலிவான வழி. சுசுகி எல்டி-இசட் 400 வைத்திருப்பவர்கள் மூடியில் மூன்று அங்குலச் சதுரமாக ஒரு துளை வெட்டுவார்கள். நான் மூடியை முழுதாக எடுத்துவிட்டு, ஃபில்டருக்கு மேலே தண்ணீர் ஒட்டாத துணி உறை ஒன்று போட்டேன். ஏர் பாக்ஸையே தூக்கிவிட்டு வெறும் ஃபில்டரை கார்புரேட்டர் வாயில் மாட்டுவதை நான் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். சேற்றிலும் தண்ணீரிலும் போகும் வண்டிக்கு அது ஆகாது. அதோடு பெட்டிக்குள் இருக்கும் அமைதியான காற்று நடு வேகத்தில் இன்ஜினுக்கு உதவுகிறது.

மூடியை எடுத்தாயிற்று, அலமாரியிலிருந்த சைலன்சரையும் மாட்டியாயிற்று. இப்போது ஜெட். குறைந்த செலவு வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு ஜெட் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. ஆனால் செய்த மற்ற எல்லாச் செலவும் பலன் தருமா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கார்புரேட்டரை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையிலிருந்து கால் பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஃபியூயல் ஸ்குரூவும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில் என்ற கூரான ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஒருவரின் எல்லையில் இன்னொருவர் கொஞ்சம் தலையிடுவார், ஆனாலும் இந்தப் பிரிவு போதும். லீவர் பெட்டியில் ஒரு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டேன். கைப்பிடியை முறுக்கும் பைக்கைவிடக் கட்டை விரல் லீவரில் தூரம் குறைவு. கோடு இல்லாவிட்டால் எந்த இடத்தில் அடைக்கிறது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

மெயின் ஜெட்டிலிருந்து தொடங்கினேன். என் வண்டியில் இருந்தது 148. கெய்ஹின் கம்பெனியின் மெயின் ஜெட்டில் அந்த எண் ஏறத்தாழத் துளையின் விட்டம்; 148 என்றால் கிட்டத்தட்ட 1.48 மி.மீ. இன்னொரு கம்பெனியான மிக்குனியின் ஜெட் எண் வேறு கணக்கு. ஒன்றின் எண்ணைப் பார்த்து இன்னொன்றை மாற்றக் கூடாது. 155, 158, 162, 165 என்று நான்கு வாங்கினேன். பெரியதிலிருந்து கீழே இறங்குவதுதான் பாதுகாப்பு. பெட்ரோல் அதிகமானால் இன்ஜின் திக்கும், புகையும், அவ்வளவுதான், குறைந்தால் உருகும். 165-ல் முழுத் திறப்பில் தொண்டை அடைத்ததுபோல் கரகரத்தது. 162-ல் கரகரப்பு குறைந்தது. 158-ல் சுத்தமாக இழுத்தது. 155-ஐயும் போட்டுப் பார்த்தேன். ஓட்டம் ஒன்றுபோலத்தான் இருந்தது, பிளக் வெளுக்கத் தொடங்கியது. 158-லேயே நின்றுவிட்டேன். 148-க்கும் 158-க்கும் பத்துதானே என்று தோன்றும். துளையின் பரப்பைக் கணக்குப் போட்டால் 14 சதவீதம் அதிகம்.

பிளக் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. வீடு வரை மெதுவாக ஓட்டிவந்து கழற்றினால் ஐடிலின் (லீவரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும் நிலையின்) நிறத்தைத்தான் பார்ப்பீர்கள். புதிய பிளக் போட்டு, நான்காவது கியரில் முழுத் திறப்பில் கொஞ்சதூரம் இழுத்து, லீவரை விடாமலே கிளட்சைப் பிடித்துக் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அமுக்க வேண்டும். பிறகு அங்கேயே கழற்ற வேண்டும். இதற்குச் சுற்றிலும் ஆளில்லாத, நீளமான, குழியில்லாத தரை வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் செய்யாதீர்கள். தம்பி தூரத்தில் நின்று இரு பக்கமும் பார்த்துக்கொண்ட பிறகுதான் நான் கிளம்பினேன்.

அடுத்தது பைலட். 38-ஐ 40 ஆக்கினேன். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஃபியூயல் ஸ்குரூவை மெதுவாகத் திருகி ஐடில் எங்கே உச்சமாகிறது என்று கேட்டேன். உள்ளே முழுதாக இறுக்கிய இடத்திலிருந்து எண்ணினால் இரண்டு சுற்றுக்குப் பக்கத்தில் உச்சம் வந்தது. பைலட் அளவு சரி என்பதற்கு அது நல்ல அறிகுறி. மூன்று சுற்றைத் தாண்டியும் ஐடில் ஏறிக்கொண்டே போனால் அடுத்த பெரிய பைலட் ஜெட் வேண்டும். இந்தத் திருகு இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் வகையில் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, எல்லாம் தலைகீழ். எது உங்களுடையது என்று தெரிந்துகொண்டு தொடுங்கள்.

நீடில்தான் பொறுமையைச் சோதித்தது. கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே எழும், பெட்ரோல் கூடும். அரைத் திறப்பில் நான் தேடிய இழுவை ஒரு காடியில் வந்தது. ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரின் தலையைத் திறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்ற விதியை இரண்டு முறை மீறினேன், இரண்டு முறையும் அரை நாள் போனது.

இதன் முடிவு 10.3. ஆனால் அந்த எண் முழுக் கதையையும் சொல்லாது. வளைவிலிருந்து வெளியே வரும்போது லீவரைத் தொட்டதும் வண்டி உடனே பதில் சொன்னது. மெலிந்த கலவையில் அந்தத் தயக்கம் எப்போதும் இருந்திருக்கிறது. எனக்குப் பழகிப்போயிருந்ததால் தெரியவில்லை. கடும் வெயிலிலும் குளிரிலும் இந்த ஜெட் கணக்கு கொஞ்சம் நகரும். மேடான இடத்தில் காற்று மெலிவதால் சிறிய ஜெட் வேண்டும். ஆகவே யாராவது ஒருவரின் 158 உங்களுக்கும் 158 ஆகாது.

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை இன்ஜின் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நான் சேர்ப்பேன். கம்பெனி அளவு முன்னே 15 பல், பின்னே 38: விகிதம் 2.53. முன்னே 14 ஆக்கினால் 2.71. ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை 7 சதவீதம் கூடுகிறது, அதே அளவுக்கு உச்ச வேகம் குறைகிறது. முன்னே ஒரு பல் குறைப்பது பின்னே கிட்டத்தட்ட மூன்று பல் கூட்டுவதற்குச் சமம், விலையோ மிகக் குறைவு. சிறிய பல்லில் செயின் இறுக்கமாக வளைவதால் தேய்மானம் கொஞ்சம் கூடும். ஸ்விங் ஆர்ம் மீது இருக்கும் செயின் ஸ்லைடரை அடிக்கடி பாருங்கள். பின் டயர் கம்பெனி அளவில் 20 அங்குல உயரம். அழகுக்காக 22 அங்குலம் போட்டவர்கள் கியரை 10 சதவீதம் கனமாக்கிவிட்டு இன்ஜினைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு 9.9 வந்தது. மண்ணிலும் வளைவிலும் நான் எப்போதாவதுதான் ஐந்தாவது கியரைத் தொடுவேன், அதனால் இழந்த உச்ச வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை.

இத்தோடு ஒரு சீசன் ஓட்டினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. முன்பு ஆயில் மூடியில் கேட்ட அந்தச் சீறல்தான். எப்படியும் பிஸ்டனை மாற்றி போர் போட (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்க) வேண்டும் என்று வந்தபோதுதான் பெரிய பிஸ்டனைப் பற்றி யோசித்தேன். நல்ல நிலையில் இருக்கும் சிலிண்டரைப் பவருக்காக வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் போர் தேய்ந்துவிட்டால் கம்பெனியின் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கும் 87 மி.மீ. பிஸ்டனுக்கும் வேலை ஒன்றேதான்: கழற்ற வேண்டும், லேத்துக்குக் கொடுக்க வேண்டும், கேஸ்கட் வாங்க வேண்டும், பூட்ட வேண்டும். செலவில் வித்தியாசம் பிஸ்டன் விலையில் மட்டும்.

87 மி.மீ. என்றால் 416 சிசி. 397-லிருந்து 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். 89 மி.மீ. கிட்டும் இருக்கிறது, அதை 440 என்று விற்பார்கள். கணக்குப் போட்டால் 435.5 சிசிதான் வருகிறது. 89-க்கு வெட்டினால் சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் சுவர் அந்த அளவுக்கு மெலிகிறது. காற்றால் குளிரும் சிலிண்டரில் மெல்லிய சுவர் சூட்டில் வட்டம் தவறினால் ரிங் மறுபடியும் கசியும். புது லைனர் போடலாம், ஆனால் அப்போது இது குறைந்த செலவு வேலை அல்ல. ஆகவே 87.

கம்ப்ரெஷனிலும் ஆசையைக் கட்டிவைத்தேன். போரை மட்டும் பெரிதாக்கினாலே, எரியும் அறை அப்படியே இருந்தால், 9.1 கிட்டத்தட்ட 9.5 ஆகிவிடுகிறது. 10, 11 என்று பிஸ்டன்கள் கிடைக்கின்றன. புத்தகக் கணக்கில் 9.1-ஐ 10 ஆக்கினால் இன்ஜினின் வெப்பத் திறன் 2.6 சதவீதம்தான் கூடுகிறது. நடைமுறையில் அதற்கும் கீழே. 11-க்குப் போனால் சாதாரண பெட்ரோலில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) வரும் அபாயம் இருக்கிறது. ஆக்டேன் கூடிய பெட்ரோலைக் காலமெல்லாம் தேட வேண்டும், சூடும் ஏறும். நான் 10-ஐ எடுத்தேன்.

லேத்துக்குப் போகும்போது பிஸ்டனைக் கையோடு கொண்டுபோங்கள். 87 என்று வாயால் சொன்னால் போதாது. கிட்டோடு வந்த தாளில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று இருக்கும். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத்தான் போர் போட்டு ஹோன் செய்ய (கல்லால் தேய்த்துச் சுவரைச் சரிசெய்ய) வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தேன். பெட்ரோலில் கழுவியபோது போகாத ஹோன் கல் தூள் சோப்பில்தான் போனது. துணி நான்காவது முறைதான் வெள்ளையாக வந்தது. புது ரிங்கைத் தின்றுவிடும் தூள் அது. இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரமே கூடாது. ரிங்கை போருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்தேன், தாளில் சொன்னபடி இருந்தது.

பூட்டிய பிறகு ஜெட் மறுபடியும் மாறியது. வாங்கி வைத்திருந்த 162 இப்போது சரியாகப் பொருந்தியது. ஆயில் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். இது டிரை சம்ப் இன்ஜின், ஆயில் தனி டாங்கில் நிற்கிறது. நிறுத்திவைத்த வண்டியில் ஆயில் மெதுவாகக் கீழே இறங்கிவிடும். குச்சியைப் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மீறும். சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி, உடனே பார்க்க வேண்டும்.

முழு வேகத்தைத் தொடாமல் சில மணி நேரம் ஓட்டிப் பழக்கிவிட்டு, ஆயில் மாற்றிவிட்டு 200 மீட்டருக்குப் போனோம். 9.5. தம்பி ஸ்டாப்வாட்சை இரண்டு முறை பார்த்துவிட்டு, "அக்கா, இன்னொரு தடவை போய்ட்டு வா" என்றான். இரண்டாவதும் 9.5.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். யமஹா ராப்டர் 700 ஆர் 2006-ல் வந்தபோதே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்; 686 சிசி. அதில் ஜெட் கிடையாது, காற்றை மாற்றினால் பெட்ரோல் அளவை மாற்ற ஒரு கன்ட்ரோலர் வாங்க வேண்டும். அதனால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் சைலன்சர் விலையைப் பார்க்க வேண்டும். 2004-ல் வந்த யமஹாவின் முதல் ஒய்எஃப்இசட் 450-ல் கெய்ஹின் எஃப்சிஆர் கார்புரேட்டர். சட்டென்று அழுத்தும்போது அடைத்தால், ஆக்ஸிலரேட்டர் பம்பின் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு ஓ-ரிங் மாட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் பீச்சுவது தாமதமில்லாமல் தொடங்கும். ஒரு ரப்பர் வளையம்தான் செலவு. யமஹா பான்ஷீ போன்ற இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கில் பைப்பும், காற்று வரும் வழியிலுள்ள ரீடு வால்வும் பெரிய மாற்றம் தரும், ஆனால் அங்கே மெலிந்த கலவைக்கு மன்னிப்பே கிடையாது. ஆயிலும் அந்தப் பெட்ரோலில்தான் வருகிறது.

வாங்காமல் விட்டவையும் இருக்கின்றன. ரெவ் லிமிட்டை (இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச வேகத்தை) உயர்த்தும் சிடிஐ என்ற தீப்பொறிப் பெட்டி: பழைய வால்வு ஸ்பிரிங்கோடு அதைப் போட்டு அதிக ஆர்பிஎம்மில் வால்வு மிதந்தால் பிஸ்டனில் மோதும். பவர் கூடும் என்று விற்கும் பிளக்குகள்: சரியான பிளக் ஏற்கெனவே நன்றாகத் தீப்பொறி கொடுக்கும்போது கூடுதலாக எரிக்க எதுவும் இல்லை. வால்வுகளைத் திறக்கும் கேம் மட்டும் இன்னும் மனதில் இருக்கிறது. ஸ்பிரிங் மாற்றாமல் போடக்கூடிய மிதமான கேம்கள் உண்டு. நடு வேக இழுவையை விட்டுக்கொடுக்காத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு வரி இருக்கிறது. போன வாரம் ஏற்றத்தில் நான்காவது கியரில் முழுதாக அழுத்தியபோது சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. 397 சிசியைத் தாங்கிய பழைய ஸ்பிரிங் 416-க்குத் தளர்ந்துவிட்டது. கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பிளேட்டையும் கழற்றி அளந்துவிட்டு, தேய்மானம் இருந்தால் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.